இனிப்பு வேர்

அச்சகத்தில் அவளுக்கு வைத்திருந்த பெயர் பூதக்கண்ணாடி. முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை; முதுகுக்குப் பின்னால் கூப்பிடாதவர்களும் இல்லை. மருந்துச் சீசா, சோப்பு உறை, பிஸ்கட் அட்டை, எதன் மேல் ஒட்டுகிற லேபிளாக இருந்தாலும் மிஷினுக்குப் போகும் முன் அவள் மேஜைக்கு வந்தாக வேண்டும். வரிக்கு வரி விரல் வைத்துப் படித்து, ஓரத்தில் நீல மையில் அவள் கையெழுத்துப் போட்ட பிறகுதான் மிஷின்காரர் பொத்தானை அமுக்குவார். பதினோரு வருஷத்தில் அவள் கண்ணுக்குத் தப்பிய பிழை மூன்றே மூன்று என்று முதலாளியே சொல்லுவார். அந்த மூன்றையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அவள் ஒப்பிப்பாள்.

அந்தப் பழக்கம் வீட்டுக்கும் கூடவே வந்துவிட்டது. பால் பாக்கெட் வாங்கினால் தேதி பார்ப்பாள். தேதி சரியாக இருந்தால், அழித்து எழுதியிருக்கிறார்களோ என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். வீடு பார்க்கப் போன இடத்தில் சுவருக்குப் புது வெள்ளை அடித்திருந்தால், "எதை மறைக்க அடிச்சீங்க?" என்று வீட்டுக்காரரிடமே கேட்டவள். அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். "நான் மாட்டின கம்பியை நம்பி ஊரே மேல போய் வருது. நீ மட்டும் மூணு மாடி நடந்து வர்றே" என்று சிரிப்பார். அவள் நடந்துதான் வருவாள்.

வீட்டில் மூன்று பேர். மூன்றாமவள் கணவரின் அக்கா. புருஷன் போன பிறகு, எட்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு தையல் மிஷினோடும் இரண்டு பெட்டிகளோடும் தம்பி வீட்டுக்கு வந்து சேர்ந்தவள். முன்னறை ஜன்னலோரம் மிஷினைப் போட்டு, பள்ளிச் சீருடையும் திரைச்சீலையும் தைத்துக்கொண்டிருந்தாள். வாய் கொஞ்சம் துடுக்கு. யாரிடமும் எதுவும் கேட்டு வாங்கமாட்டாள். கொடுப்பதையும் சொல்லிக் கொடுக்கமாட்டாள். சத்தமில்லாமல் கொண்டுவந்து முன்னால் வைத்துவிட்டுப் போய்விடுவாள்.

இவளுக்கும் நாத்தனாருக்கும் சண்டை என்று எதுவும் இல்லை. ஒரே ஒரு முள் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் இவளுக்கு ஒன்பதாவது வாரத்தில் கரு கலைந்துபோயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி, செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தவளைப் பார்த்து நாத்தனார் சொன்னாள்: "எல்லாத்தையும் குத்திக் கிளறிப் பாத்துக்கிட்டே இருந்தா எது தங்கும்?" சொன்னவள் அப்படியே சமையலறைக்குப் போய்விட்டாள். கேட்டவளுக்கு அது உள்ளே போய்த் தைத்து அங்கேயே தங்கிவிட்டது.

முப்பத்தாறு வயதில் மறுபடியும் நாள் தள்ளிப்போனபோது கணவரிடம் மட்டும் சொன்னாள். "மூணு மாசம் முடியற வரைக்கும் யார் கிட்டயும் மூச்சு விடக் கூடாது. உங்க அக்கா கிட்டயும்தான்."

"சரி" என்றார் அவர்.

நாலாம் நாள் காலை, அவள் குளியலறையில் குடலே வெளியே வருவதுபோல் வாந்தி எடுத்துவிட்டு வந்தபோது, மேஜையில் ஒரு கோப்பை இருந்தது. மேலே தட்டு மூடியிருந்தது. பக்கத்தில் நாத்தனார் நின்றாள்.

"என்ன அண்ணி இது?"

"டீ."

"பால் இல்லையே."

"மூலிகை டீ. வாந்திக்கு நல்லது. ஆறிடறதுக்குள்ள குடி."

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் ஷூ கயிற்றை இதுவரை யாரும் கட்டாத விதமாகக் கட்ட முயன்றுகொண்டிருந்தார்.

"இதுல என்னென்ன போட்டிருக்கு?"

"நல்லதுதான் போட்டிருக்கு."

"நல்லதுன்னா?"

"இலையும் கிழங்கும். உன்னைக் கொல்லவா போறேன்?"

"அதுக்கில்லை அண்ணி. என்னென்ன, எவ்வளவுன்னு ஒரு சீட்டுல எழுதிக் குடுத்தீங்கன்னா நல்லாயிருக்கும்."

நாத்தனார் முகம் அந்த நொடியே மாறியது. காதோரம் சிவந்தது. "எழுதிக் குடுக்கணுமா? நான் என்ன டாக்டரா, சீட்டு எழுத? இஷ்டம்னா குடி. இல்லைன்னா ஊத்திடு." போய் மிஷின் முன்னால் உட்கார்ந்துகொண்டாள். அரை மணி நேரம் அந்த மிஷின் ஓடிய ஓட்டம், துணி தைக்கிற ஓட்டமாக இல்லை.

தொழிலில் அவள் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. "அதெல்லாம் சரியா இருக்கும்மா, அவசரம், அடிச்சுக் குடு" என்று எந்த வாடிக்கையாளர் எரிந்து விழுகிறாரோ, அவருடைய லேபிளில்தான் பிழை இருக்கும். கேள்விக்குப் பதிலாகக் கோபம் வருகிறது என்றால் விஷயம் அந்தக் கேள்விக்கு அடியில்தான் இருக்கிறது. கோப்பையைச் சமையலறைக்கு எடுத்துப்போய், குழாயைத் திறந்துவிட்டு, தொட்டியில் ஊற்றினாள்.

அன்றிலிருந்து காலை ஒன்று, மாலை ஒன்று, மூடி போட்ட கோப்பை தவறாமல் வந்தது. தவறாமல் தொட்டிக்குப் போயிற்று.

"குடிச்சியா?"

"குடிச்சேன் அண்ணி."

நாத்தனார் காலிக் கோப்பையை எடுத்து அடியைப் பார்ப்பாள், பிறகு இவளைப் பார்ப்பாள். எதற்காக அப்படிப் பார்க்கிறாள் என்பதை யோசித்துக்கொண்டே இவள் வேலைக்கு நடப்பாள்.

வாந்தி மட்டும் பொய் இல்லை. மை வாசமும் பசை வாசமும் குமட்டின. அந்தச் சமயத்தில்தான் அச்சகத்துக்குப் புதிதாக ஒரு மூலிகைத் தேநீர்க் கம்பெனியின் வேலை வந்தது. பச்சைப் பெட்டி, மேலே ஒரு தளிர். 'நூறு சதவிகிதம் இயற்கை. காஃபின் இல்லை.' பக்கவாட்டில் உள்ளடக்கம்: புதினா, சோம்பு, சாமந்திப் பூ, இயற்கை இனிப்பு வேர். ஒரு புள்ளி விடுபடவில்லை, ஒரு கொம்பு பிசகவில்லை. இவ்வளவு சுத்தமாக எழுதிக் கொண்டுவந்த வாடிக்கையாளரை அவள் அதற்கு முன் கண்டதில்லை. முழுத் திருப்தியோடு கையெழுத்துப் போட்டாள். கம்பெனிக்காரர் சந்தோஷத்தில் ஆறு பெட்டி மாதிரிக்கென்று கொடுத்துவிட்டுப் போனார்.

ஒன்றைப் பிரித்துப் போட்டுப் பார்த்தாள். சர்க்கரை போடாமலே நாக்கில் இனிப்பு ஒட்டியது. வயிறு அடங்கியது. காஃபின் இல்லை, இயற்கை, எல்லாவற்றுக்கும் மேல் அவளே படித்துக் கையெழுத்துப் போட்ட பெட்டி. இதை நம்பாமல் வேறு எதை நம்புவது? முதல் வாரம் நாளுக்கு இரண்டு கோப்பை. பிறகு நாலு. ஆறு பெட்டியும் தீர்ந்து கடையில் வாங்க ஆரம்பித்தபோது, ஆறுக்குக் குறையாமல் ஆகிவிட்டது. மேஜை இழுப்பறையில் ரப்பர் ஸ்டாம்புகளைத் தள்ளிவிட்டுப் பச்சைப் பெட்டி குடியேறியது.

"என்னம்மா, குடம் குடமா உள்ள போகுது?" என்றார் மிஷின்காரர்.

"வெறும் இலைத் தண்ணிதான் அண்ணா. நானே பாத்த சரக்கு."

நாலாவது மாதம் தொடங்கியபோது வாந்தி குறைந்தது, தலைவலி வந்தது. பின்மண்டையில் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துகிற மாதிரி ஒரு வலி. சாயங்காலமானால் மோதிரம் விரலைக் கவ்வியது. காலுறையின் தடம் கணுக்காலில் பள்ளமாகப் பதிந்தது. அவள் உட்கார்ந்து, பிழை தேடுகிற அதே நிதானத்தோடு யோசித்தாள். அந்த டீயைத்தான் ஊற்றிவிடுகிறோமே. அப்புறமும் உடம்புக்கு ஏதோ ஆகிறதென்றால், டீயில் போட்டது போதவில்லை என்று வேறு எதிலாவது போடுகிறார்களா?

நினைத்ததும் அவளுக்கே ஒரு மாதிரி இருந்தது. ஆனால் வந்த நினைப்பு போகவில்லை. அன்றிலிருந்து நாத்தனார் சமைத்ததைத் தொடவில்லை. "வாசம் ஒத்துக்கலை" என்று சொல்லிவிட்டு, ரொட்டியும் வாழைப்பழமும் தானே வாங்கிவந்து சாப்பிட்டாள். குடத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தானே பிடித்துவைத்தாள்.

கணவர் இரண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாள் கேட்டார்.

"அக்கா முகமே வாடிப்போச்சு. ஒரு வாய் சாப்பிட்டா என்ன?"

"அன்னிக்கு அவங்க சொன்னது ஞாபகம் இருக்கா? எது தங்கும்னு கேட்டாங்களே."

"அவ வாய் அப்படி. கை அப்படியில்லை."

"கையைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?"

அக்காவையும் விட்டுக்கொடுக்க முடியாமல், இவளையும் மறுக்க முடியாமல், இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோன லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

அந்த வெள்ளிக்கிழமை அவள் கொஞ்சம் சீக்கிரமே வேலை முடிந்து வந்தாள். வழக்கம்போலப் படியேறி வந்ததால் லிஃப்ட் கதவின் சத்தம் இல்லை. உள்ளே தையல் மிஷின் ஓடவில்லை. பால்கனியில் நாத்தனார் முதுகைக் காட்டிக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தாள். குரல் அடித்தொண்டையில் இருந்தது.

"...குடிச்சேன்னுதான் சொல்றா... இல்லம்மா, அவளுக்குத் தெரிய வேண்டாம், தெரிஞ்சா ஆயிரம் கேள்வி கேப்பா... இன்னும் கொஞ்சம் கூட்டிக் குடுக்கட்டுமா?... சரி... சரி, நீயும் யார் கிட்டயும் சொல்லிடாதே."

வாசல் நிலையைப் பிடித்திருந்த கையை அவள் மெல்ல எடுத்தாள். சத்தமில்லாமல் மறுபடியும் கீழே இறங்கி, தெருமுனை வரை போய், அங்கே ஒரு பத்து நிமிஷம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தாள். நாத்தனார் மிஷினில் இருந்தாள். "வந்துட்டியா?" என்றாள், எப்போதும் போல.

மறுநாள் காலை, நாத்தனார் குளிக்கப் போன நேரத்தில் சமையலறை மேல்தட்டில் இருந்த தகர டப்பாவைத் திறந்தாள். காய்ந்த சருகாக ஏதோ இருந்தது. ஒரு கைப்பிடி எடுத்துக் காகிதத்தில் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். சொந்த வீட்டில் திருடுகிறோமே என்று இருந்தது.

அச்சகத்தில் கண்ணாடிக்கு அடியில் விளக்கு எரிகிற மேஜை ஒன்று உண்டு. ஃபிலிம் வைத்துப் பார்க்க. மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனதும் அதன் மேல் வெள்ளைத் தாளை விரித்துச் சருகைக் கொட்டினாள். இடுக்கியை எடுத்து, தலையைக் குனிந்து, ஒவ்வொன்றாகப் பிரித்தாள். சுருண்ட பச்சை இலை ஒரு பக்கம். முகர்ந்தால் புதினா. மஞ்சளும் சாம்பலுமாக நார் விட்ட சில்லுகள் ஒரு பக்கம். கடித்தால் இஞ்சி. மூன்றாவதாக, நகம் அளவில், கறுப்பாக, முறுக்கிக்கொண்ட துணுக்குகள். அவை என்னவென்று தெரியவில்லை. எண்ணிப் பார்த்தாள். பதினேழு இருந்தன. நாக்கில் வைக்கப் பயமாக இருந்தது. உருப்பெருக்கிக்கு அடியில் அவை செத்த பூச்சிகளைப் போலத் தெரிந்தன.

'கெடைச்சிடுச்சு' என்று நினைத்துக்கொண்டாள். பிழையைப் பிடித்தால் வருகிற சந்தோஷம் வரவில்லை. சருகை மறுபடியும் காகிதத்தில் மடித்துக்கொண்டாள்.

முதலாளியிடம் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு நேரே மருத்துவமனைக்குப் போனாள். பிரசவப் பிரிவில் அவளைப் பார்க்கிற நர்ஸ் ஐம்பது வயதுக்காரி. கண்ணாடியை எப்போதும் நெற்றிக்கு ஏற்றி வைத்துக்கொண்டு, அதைக் காணோம் என்று தேடுகிறவள். "முதல்ல உக்காருங்க" என்று கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தாள். பார்த்துவிட்டு ஐந்து நிமிஷம் பொறுத்து, மற்றக் கையில் சுற்றிப் பார்த்தாள்.

"கூடியிருக்கே. போன தடவை நல்லாத்தானே இருந்துச்சு. தலைவலி இருக்கா?"

"இருக்கு. காரணமும் கொண்டுவந்திருக்கேன்." பொட்டலத்தைப் பிரித்து மேஜையில் வைத்தாள். "எங்க வீட்டுல ஒருத்தங்க எனக்குக் கலந்து குடுக்கறது. நான் குடிக்காம ஊத்திடறேன், சாப்பாட்டுலயும் போடறாங்களோன்னு பயமா இருக்கு. அந்தக் கறுப்பைப் பாருங்க."

நர்ஸ் கண்ணாடியை இறக்கினாள். ஒரு கறுப்புத் துணுக்கை எடுத்து, நகத்தால் கீறி, முகர்ந்து, அவள் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"எலுமிச்சைத் தோல். காஞ்சா இப்படித்தான் கறுக்கும்."

"நல்லாப் பாருங்க மேடம்."

"என்னத்தைப் பாக்கறது? நான்தானேம்மா சொல்லிக் குடுத்தேன். இஞ்சி, புதினா, கொஞ்சம் எலுமிச்சைத் தோல். நாளைக்கு ரெண்டு கோப்பை, அதுக்கு மேல வேண்டாம்னு. உங்க நாத்தனார்தானே? கறுப்பா, ஒல்லியா, தோள்ல அளவு டேப் போட்டுக்கிட்டு?"

அவள் தலையாட்டினாள்.

"உங்களுக்கு வாந்தி ஆரம்பிச்ச வாரமே வந்து நின்னாங்க. ஒரு தடவை கலைஞ்சு போச்சு, இந்தத் தடவை எது குடுக்கலாம், எது குடுக்கக் கூடாதுன்னு துருவித் துருவிக் கேட்டாங்க. நான் ஒரு சீட்டுல எழுதி நீட்டினேன். வாங்கலை. 'வாயாலயே சொல்லும்மா, மூணு தடவை சொல்லு, மனசுல ஏத்திக்கறேன்'னாங்க. நேத்துக்கூடப் போன் பண்ணினாங்க, இன்னும் கொஞ்சம் கூட்டிக் குடுக்கலாமான்னு. கூடவே கூடாதுன்னேன். அவ படிச்ச பொண்ணு, எனக்கு எழுத்து தெரியாதுன்னு அவளுக்குத் தெரிய வேண்டாம், சொல்லிடாதேன்னு..." நர்ஸ் சட்டென்று நிறுத்திக்கொண்டாள். "நான் இதைச் சொல்லியிருக்கக் கூடாது. விடுங்க."

'ஒரு சீட்டுல எழுதிக் குடுங்களேன்' என்று தான் கேட்டதும், அந்தக் காதோரச் சிவப்பும் அவள் கண் முன் வந்தன. கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

"அது கிடக்கட்டும்" என்றாள் நர்ஸ். "இதைக் குடிச்சு அழுத்தம் ஏறாது. அதுவும் நீங்க குடிக்கவே இல்லைங்கறீங்க. வேற என்ன குடிக்கறீங்க?"

"வேற ஒண்ணுமில்லை. ஒரு மூலிகை டீ. அது நல்லது. பெட்டியில எல்லாம் எழுதியிருக்கு."

"எத்தனை கோப்பை?"

"ஆறு. சில நாள் ஏழு."

நர்ஸ் கையை நீட்டினாள். பையிலிருந்து பச்சைப் பெட்டி வெளியே வந்தது. நர்ஸ் உள்ளடக்கத்தை வாய்விட்டுப் படித்துக்கொண்டே வந்து, கடைசி வார்த்தையில் நின்றாள்.

"இயற்கை இனிப்பு வேர். எந்த வேர்?"

அந்த வரியில் விரல் வைத்து மூன்று முறை படித்தவள் அவள். 'ற்'றில் புள்ளி இருக்கிறதா, 'ப்'பில் புள்ளி இருக்கிறதா என்று பார்த்திருக்கிறாள். எந்த வேர் என்று மட்டும் ஒரு முறைகூடக் கேட்டதில்லை.

"தெரியலை" என்றாள்.

"பெட்டியில போன் நம்பர் இருக்கும். கேட்டுட்டு வாங்க."

நடைபாதையில் நின்று போன் போட்டாள். முதலில் எடுத்தவர் இன்னொருவரிடம் கொடுத்தார். அவர் அது கம்பெனியின் தனிப் பக்குவம் என்றார். அவள் விடவில்லை; உங்கள் லேபிளில் கையெழுத்துப் போட்டவள் பேசுகிறேன் என்றாள். "அதிமதுரம்தாங்க. இயற்கையானதுதானே, என்ன பிரச்சினை?" என்றார் அவர்.

"நெனைச்சேன்" என்றாள் நர்ஸ். "அதிமதுரம் நிறைய உள்ள போனா அழுத்தம் ஏறும், உடம்பு நீர் கோத்துக்கும். கர்ப்பத்துல வேண்டாம்னுதான் சொல்லுவோம். இயற்கைன்னு எழுதினா எல்லாருக்கும் ஆகும்னு அர்த்தமில்லைம்மா. அழுத்தத்துக்கு வேற காரணமும் இருக்கலாம், அதையும் பாத்துடுவோம். இன்னிக்கே இதை நிறுத்துங்க."

டாக்டர் வந்து பார்த்தார். ரத்தமும் சிறுநீரும் சோதனைக்கு எடுத்தார்கள். வாரம் இரண்டு முறை வந்து அழுத்தம் பார்க்க வேண்டும், தலைவலி கூடினாலோ கண் மங்கினாலோ உடனே வர வேண்டும் என்றார்கள். வயிற்றில் கருவியை வைத்துக் குழந்தையின் துடிப்பைக் கேட்கவைத்தார்கள். குதிரை ஓடுகிற மாதிரி சீராக ஓடிக்கொண்டிருந்தது.

கிளம்பும்போது நர்ஸ் சொன்னாள்: "உங்க நாத்தனார் குடுத்ததை ஊத்தினது தப்புன்னு சொல்லமாட்டேன். என்னன்னு தெரியாததைக் குடிக்காம இருக்கறது நல்லதுதான். ஆனா முதல் நாளே இங்க கொண்டுவந்து கேட்டிருக்கலாம். ரெண்டையும் கொண்டுவந்து கேட்டிருக்கலாம்."

வீடு அரை மணி நேர நடை. நடக்க நடக்க ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தது. பஸ் வந்தால் நாத்தனார் நம்பரை மட்டும் பார்த்துவிட்டு, எந்த வழியாகப் போகிறது என்று பக்கத்தில் நிற்பவரிடம் கேட்பாள். தபால் வந்தால் பிரிக்காமல் தம்பி மேஜையில் வைத்துவிடுவாள். வாடிக்கைக்காரர்களின் துணியில் பேர் எழுதிய சீட்டு இருக்காது. ஆளுக்கொரு நிறத்தில் நூல் முடிச்சு இருக்கும். சிவப்பு முடிச்சு பள்ளிக்கூடம், நீலம் எதிர் வீடு. அழகுக்காகக் கட்டுகிறாள் என்று இவள் நினைத்திருந்தாள். எட்டு வருஷம். காற்புள்ளி ஒன்று மாறியிருந்தால் தூரத்திலிருந்தே கண்டுபிடிக்கிறவள் ஒரே கூரைக்குள் இருந்த இதைப் பார்க்கவில்லை.

அப்படியும் வந்த வழியில் ஒரு நினைப்பு ஓடியது: நர்ஸும் நாத்தனாரும் சேர்ந்து பேசிவைத்திருந்தால்? ஓடிய வேகத்திலேயே அதற்காக வெட்கப்பட்டாள். சந்தேகம் நாய்க்குட்டி மாதிரி; போ என்று விரட்டினாலும் பத்தடி பின்னால் வந்துகொண்டேதான் இருக்கும்.

நாத்தனார் திரைச்சீலைக்கு ஓரம் மடித்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே, "இன்னிக்கு என்ன, அரை நாளா?" என்றாள்.

"ஆஸ்பத்திரி போயிட்டு வந்தேன். அழுத்தம் கொஞ்சம் கூடியிருக்காம்."

மிஷின் நின்றது. "எதனால?"

"நான் வாங்கிக் குடிச்ச டீயால. அச்சகத்துல குடிப்பேன். அதை நிறுத்தச் சொல்லிட்டாங்க." கொஞ்சம் நின்று, "அண்ணி, உங்க டீ ஒரு கோப்பை போட்டுத் தர்றீங்களா?" என்றாள்.

நாத்தனார் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இவள் பார்வையைவிட இரண்டு மடங்கு சந்தேகம் இருந்தது.

"தொட்டிக்குத் தாகம் எடுத்துடுச்சா?"

அவள் தலை குனிந்தது.

"ரெண்டு மாசமாப் பாத்திரம் கழுவற தொட்டியில இஞ்சி வாசம் அடிக்குது. எனக்கு மூக்கு இல்லையா?"

"தெரிஞ்சும் ஏன் அண்ணி போட்டுக் குடுத்துக்கிட்டே இருந்தீங்க?"

"இஷ்டமில்லைன்னா ஊத்திடுன்னு நான்தானே சொன்னேன். ஆனாலும் என்னிக்காவது ஒரு நாள் ஊத்த மறந்து குடிச்சிடமாட்டியான்னுதான்." நாத்தனார் கையிலிருந்த துணியைத் தடவிக்கொண்டாள். "அன்னிக்கு ஒரு வார்த்தை சொன்னேன் பாரு. உனக்கு எப்படியோ, எனக்கு இன்னும் அது செரிக்கலை. அதை எப்படித் திருப்பி வாங்கறதுன்னு தெரியலை. டீ போடத் தெரிஞ்சுது, போட்டேன்."

டீ வந்தது. காரமாக, கொஞ்சம் கசப்பாக இருந்தது. இனிப்பு துளியும் இல்லை. நாத்தனார் எதிரில் உட்கார்ந்து, இவள் தொண்டை அசைகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நர்ஸ் உங்களை விசாரிச்சாங்க" என்றாள் இவள்.

நாத்தனார் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "வேற என்ன சொன்னா?"

"நாளைக்கு ரெண்டு கோப்பைக்கு மேல வேண்டாமாம்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

நாத்தனார் கோப்பையின் அடியை எட்டிப் பார்த்தாள். பிறகு கோப்பையை வாங்கிக்கொண்டு போனாள்.

பச்சைப் பெட்டியை நிறுத்திய இரண்டு வாரத்தில் அழுத்தம் இறங்க ஆரம்பித்தது. மூன்றாவது வாரம் பழைய அளவுக்கு வந்தது. சோதனைகளில் வேறு கோளாறு இல்லை. மோதிரம் மறுபடியும் விரலில் சுழன்றது. அதன் பிறகு எதையாவது புதிதாகக் குடிக்கத் தோன்றினால், அதைக் கையோடு எடுத்துப்போய் நர்ஸ் மேஜையில் வைத்துவிட்டு, பதில் வந்த பிறகுதான் மூடியைத் திறந்தாள். "உங்க பேஷன்ட் கேள்வித்தாள் கொண்டுவந்திருக்கா" என்று நர்ஸ் டாக்டரிடம் சொல்லிச் சிரிப்பாளாம்.

அடுத்த மாதம் அதே கம்பெனியின் அதே லேபிள் மறுபதிப்புக்கு வந்தது. அவள் கையெழுத்துப் போடவில்லை. ஓரத்தில் நீல மையில், 'எந்த வேர்? கர்ப்பிணிகளுக்கு எச்சரிக்கை எங்கே?' என்று எழுதி அனுப்பினாள்.

முதலாளி கூப்பிட்டார். "எழுத்துப் பிழை இருக்கா?"

"இல்லை."

"அப்புறம் என்னம்மா? அவங்க குடுத்ததை நாம அடிக்கிறோம். உள்ள என்ன போடறாங்கன்னு பாக்கறது நம்ம வேலையா?"

"நீங்க வேற ஆளை வெச்சுக் கையெழுத்து வாங்கிக்கங்க. என் கையெழுத்து வராது."

வேறு ஆள் கிடையாது என்பது இருவருக்கும் தெரியும். நாலு நாள் வேலை நின்றது. கம்பெனிக்காரர் நேரில் வந்து சத்தம் போட்டார். பிறகு இறங்கி வந்தார். 'இனிப்பு வேர்' இருந்த இடத்தில் 'அதிமதுரம்' என்று வந்தது. கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்டுக் குடிக்க வேண்டும் என்ற வரியும் வந்தது. அதைப் பெட்டியின் அடிப்பக்கத்தில், எறும்பு வரிசை மாதிரி, யார் கண்ணுக்கும் படாத அளவில் போடச் சொன்னார். அவள் அதைப் பக்கவாட்டுக்குக் கொண்டுவரப் பார்த்தாள். நடக்கவில்லை. எழுத்தை ஒரு அளவு பெரிதாக்க மட்டும் ஒத்துக்கொண்டார்கள். அதற்குக் கையெழுத்துப் போட்டாள், மனசு முழுசாக ஒப்பாமலே.

முப்பத்தொன்பதாவது வாரத்தில் பெண் குழந்தை பிறந்தது. அழுத்தம் கடைசிவரை ஏறவில்லை. மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பும்போது கையில் ஒரு தாள் கொடுத்தார்கள்: எந்த மருந்து எப்போது, எதெல்லாம் ஆகாது, தாய்ப்பால் கொடுக்கிற காலத்திலும் மூலிகை எதையும் கேட்காமல் குடிக்கக் கூடாது என்று இரண்டு பக்கத்துக்கு. நாத்தனார் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, அந்தத் தாளையே ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள், கேட்கவில்லை.

அவள் கட்டிலில் சாய்ந்துகொண்டு, தனக்குப் படித்துக்கொள்கிற மாதிரி, உரக்க, நிறுத்தி நிறுத்திப் படிக்க ஆரம்பித்தாள். முதல் பக்கம் முடிந்ததும், "பொறு, அந்த மூணாவதை இன்னொரு தடவை சொல்லு" என்றாள் நாத்தனார். அவள் மூன்றாவதை மறுபடியும் படித்தாள்.